மறுவடிவில் வந்த ஏழு இருக்கை எஸ்யூவியை நம்பி வாங்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு இரவு 9 மணிக்கு மேல் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தின் பாதியில் ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அடுத்த நொடியே வண்டியின் இழுவை விழுந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள் விளக்கடித்துக்கொண்டு நெருங்கின. மூன்றாம் வரிசையில் என் பேரப்பிள்ளைகள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை.

வண்டி வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதே பெயரில் வந்த பழைய மாடலை என் தம்பி பல ஆண்டுகள் தொல்லையில்லாமல் ஓட்டினான். அந்தப் பெயரை நம்பித்தான் நானும் வாங்கினேன். பெயர் மட்டும்தான் பழையது. என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாமே புதியவை. இத்தனைக்கும் நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆலைக்குள் ஒவ்வொரு நாளும் கேட்ட கேள்விகளை, சொந்தப் பணத்தில் வண்டி வாங்கும்போது கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எது புதிது, எது பழையது?

‘புதிய வடிவம்’ என்று விளம்பரத்தில் வருவதற்கு ஒரே பொருள் இல்லை. முகப்பு விளக்கையும் கிரில்லையும் மாற்றினாலும் புதிய வடிவம்தான். அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றினாலும் புதிய வடிவம்தான். நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பழைய மாடலிலிருந்தோ அதே நிறுவனத்தின் வேறு வண்டியிலிருந்தோ அப்படியே வந்த பாகங்கள். வலப்பக்கம் முதன்முறையாக வருபவை. அடித்தளம் (வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பு), என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், ஏ.சி., மின்னணுப் பகுதி என்று எட்டு வரி போதும்.

டொயோட்டாவின் இன்னோவாவை எடுத்துக்கொள்வோம். 2005-இல் வந்த இன்னோவாவும் 2016-இல் வந்த கிரிஸ்டாவும் சேசிஸ் என்ற இரும்புச் சட்டகத்தின் மேல் உடல் அமர்ந்த, பின்சக்கரம் இழுக்கும் டீசல் வண்டிகளாக நமக்குப் பழகியவை. 2022-இல் வந்த ஹைகிராஸ் தனிச் சேசிஸ் இல்லாத ஒற்றைக்கூடு உடல், முன்சக்கர இயக்கம், பெட்ரோல் அல்லது பெட்ரோல் ஹைபிரிட் (என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) என்று முழுக்க மாறிவிட்டது. ‘இன்னோவா 5 லட்சம் கிலோமீட்டர் ஓடும்’ என்று ஒகேனக்கல்லில் ஒரு டாக்சி ஓட்டுநர் சொன்னால், அவர் சொல்வது அவர் ஓட்டிய டீசல் வண்டியைப் பற்றித்தான். ஹைகிராஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய சான்றை வேறு இடத்தில் தேட வேண்டும். அதே நிறுவனம் உலகெங்கும் நெடுங்காலமாக விற்றுவரும் ஹைபிரிட் கார்களின் வரலாறு அந்தச் சான்றுகளில் ஒன்று.

டாடா சஃபாரி இதற்கு நேர்மாறு. 1998-இல் வந்த பழைய சஃபாரிக்கும் 2021-இல் வந்த சஃபாரிக்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. ஆனால் 2021 சஃபாரி, 2019-இல் வந்த ஹாரியரின் அடித்தளத்தின் மேல், அதே 2 லிட்டர் டீசல் என்ஜினோடு வந்தது. எனவே சஃபாரி ‘புதிதாக’ வந்த நாளிலேயே அதன் எந்திரப் பகுதிக்கு இரண்டு ஆண்டுப் பாடம் சாலையில் இருந்தது. 2023 அக்டோபரில் அதன் முகம் மாறியபோது என்ஜின் மாறவில்லை. ஹைட்ராலிக் ஸ்டியரிங் போய் மின்சார ஸ்டியரிங் வந்தது, திரைகளும் மாறின. அந்த மாடலை ஆராய்கிறவர் என்ஜினைப் பற்றி நூறு பேரிடம் விசாரிப்பதைவிட, ஸ்டியரிங்கையும் திரையையும் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிப்பது மேல். ஹூண்டாய் அல்காசரின் 1.5 லிட்டர் டீசலும் இப்படித்தான். கிரெட்டாவிலும் கியா கேரன்ஸிலும் ஓடுவது அதே குடும்ப என்ஜின்.

வலப்பக்கத்தில் இரண்டு, மூன்று வரிகள் மட்டும் நிரம்பினால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். என்ஜினும் கியர்பாக்ஸும் அடித்தளமும் ஒருசேர வலப்பக்கம் விழுந்தால், அந்த வண்டிக்குக் காலம் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: எவ்வளவு காலம் பொறுப்பது?

தரக்கட்டுப்பாட்டில் ‘தொட்டி வளைவு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ, பழுதுகளின் வரைபடம் அப்படி இருக்கும். தொடக்கத்தில் உயரம், பின் தாழ்ந்து நீண்ட சமதளம், தேய்மானம் வந்தபின் மறுபடி உயரம். தொடக்கத்து உயரத்துக்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணமோ மலிவான பொருளோ அல்ல. புதிய பாகம், புதிய அச்சு, அதைப் பொருத்தப் பழகிக்கொண்டிருக்கும் புதிய கைகள்! எங்கள் ஆலையில் புதிய மாடலுக்கான பாகம் ஓடத் தொடங்கிய முதல் மாதங்களில், வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து திருத்தம் வராத வாரமே இருக்காது. ஒரு கிளிப்பின் நீளம் மாறும். ரப்பரின் கடினம் மாறும். வயர் போகும் வழி மாறும். வண்டியின் பெயரும் தோற்றமும் மாறாமலே உள்ளே இத்தனையும் நடக்கும். அந்தத் திருத்தங்கள் ஏறிய வண்டியை வாங்குகிறவருக்குப் பயன். ஏறாத வண்டியை வாங்கியவர் சர்வீஸ் சென்டரில் காத்திருப்பார்.

அமெரிக்காவில் மூன்று வரிசை இருக்கை கொண்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 2020 மாடலுக்காக அடியோடு மாற்றப்பட்டது. முன்சக்கர இயக்க அடித்தளத்தை விட்டுப் பின்சக்கர இயக்க அடித்தளத்துக்குப் போனது. 2019-இல் சிகாகோ ஆலையில் தயாரான ஆயிரக்கணக்கான வண்டிகளை ஷோரூமுக்கு அனுப்பாமல், குறை திருத்த மிச்சிகனில் உள்ள ஃபிளாட் ராக் ஆலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 2022-இல், பின் அச்சுப் பகுதியைத் தாங்கும் போல்ட் முறியக்கூடும் என்று சுமார் 2.5 லட்சம் வண்டிகள் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. நம்பகத்தன்மைக்குப் பெயர்போன டொயோட்டாவும் தப்பவில்லை. 2022 மாடலில் டண்ட்ரா பிக்கப் வண்டிக்குக் கொடுத்த புதிய வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜினுக்குள் கடைசல் துகள்கள் தங்கியிருக்கலாம் என்று 2024-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அது திரும்ப அழைத்தது.

என் கணக்கு இதுதான்: முழுதாக மாறிய வண்டிக்கு ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் கடந்துபோகட்டும். 12 முதல் 18 மாதம். வெயில் ஏ.சி.யையும் கூலிங்கையும் சோதிக்கும். மழை ரப்பர் விளிம்புகளையும் வயரிங் இணைப்புகளையும் சோதிக்கும். அதற்குள் சர்வீஸ் சென்டர் மெக்கானிக்குகளும் அந்த வண்டியின் நோயைப் படித்திருப்பார்கள். இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் நினைப்பதில்லை. எனக்கு மூன்று முறை தவறான பாகத்தை மாற்றிய பிறகுதான் உண்மையான கோளாறு சிக்கியது. வேலை செய்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. அந்த என்ஜினை அவர்கள் அதற்குமுன் திறந்து பார்த்ததே இல்லை.

காத்திருக்க முடியாதவர்கள், அதே வண்டியில் பழகிய என்ஜினும் பழகிய கியர்பாக்ஸும் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்கலாம். கூடுதல் வாரண்டியை அன்றே வாங்கிவிடுவதும் நல்லது.

மூன்றாம் படி: திரும்ப அழைத்தல்களைப் படிப்பது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமும் அதன்கீழ் வந்த விதிகளும் 2021 ஏப்ரல் 1 முதல், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்துள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அதற்கும் முன்பே, 2012 முதல், வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த விருப்ப முறை இருந்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் 17 எழுத்து, எண்கள் கொண்ட சேசிஸ் எண்ணைப் போட்டால், அந்த வண்டிக்கு அழைப்பு இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

அழைப்பு வந்தது என்றாலே அந்த வண்டியை ஒதுக்குவது தவறு. எந்தப் பாகம், எந்த மாதத்தில் செய்த வண்டிகள், எத்தனை மாதத்துக்குள் ஒப்புக்கொண்டார்கள் என்று மூன்றையும் பாருங்கள். 2022 டிசம்பரில் மஹிந்திரா, ஸ்கார்பியோ-என் வண்டிகள் 6,618-ஐயும் எக்ஸ்யூவி700 வண்டிகள் 12,566-ஐயும் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் இருக்கும் ஒரு ரப்பர் உறையைச் சோதிக்க அழைத்தது. கையால் கியர் போடும் வகைகளுக்கு மட்டும். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை தயாரானவற்றுக்கு மட்டும். பாகம் தந்த சப்ளையரின் ஆலையில் தரம் பிரிப்பதில் நேர்ந்த பிழை அது. ஒரு பேட்ச், ஒரு பாகம், விரைவான அறிவிப்பு. தரக்கட்டுப்பாட்டு ஆளாக எனக்கு இதில் அச்சம் இல்லை. கண்காணிப்பு வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். 2023 ஆகஸ்டில் வந்த அழைப்பு வேறு வகை. என்ஜின் பகுதியில் வயர்கள் போகும் வழியைச் சோதிக்க 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகள். அறிமுகத்துக்கு முந்தைய 2021 ஜூனிலிருந்து 2023 ஜூன் வரை தயாரானவை. ஒரு வடிவமைப்பு வழி இரண்டு ஆண்டு முழுக்க நீண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள். அந்தக் காலத்து வண்டியைப் பழையதாக வாங்குகிறவர், வேலை முடிந்ததற்கான சர்வீஸ் பதிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். அதே எக்ஸ்யூவி700, 2021-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்ற வண்டி. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் தரும் நட்சத்திரங்களும் அப்படித்தான். மோதினால் உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு காக்கப்படுவார்கள் என்பதைத்தான் அவை சொல்கின்றன. வண்டி வழியில் நிற்குமா என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது. இரண்டும் வேண்டும், இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள்.

நான்காம் படி: யாரிடம், எதைக் கேட்பது

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

வாங்கி ஒரு மாதம் ஆனவர் சொல்லும் புகழ்ச்சிக்கு மதிப்பில்லை. அவர் இன்னும் மாலை போட்ட மகிழ்ச்சியில் இருக்கிறார். 20,000 கிலோமீட்டர் தாண்டியவரைத் தேடுங்கள். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குச் சனிக்கிழமை காலை போய், காத்திருப்போர் அறையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கு அங்கே பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். திருமண மண்டபத்து வாசலில் நிற்கும் வண்டியின் ஓட்டுநரும் நல்ல சாட்சிதான்.

‘வண்டி எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ‘இதுவரை சர்வீஸ் சென்டரில் மொத்தம் எத்தனை நாள் நின்றது?’ என்று கேளுங்கள். அடுத்து, ‘சரிசெய்து கொடுத்த பிறகு அதே குறை திரும்ப வந்ததா?’ என்று கேளுங்கள். பிறகு ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஸ்டியரிங்கில் தட்டும் ஓசை வந்தால் அது தனி நிகழ்வு. மூன்று பேருக்கு 15,000 கிலோமீட்டரை ஒட்டி அதே ஓசை வந்தால் அது பாகத்தின் குறை. அந்த மூன்று வண்டிகளும் முதல் ஆறு மாதத்தில் தயாரானவையாக இருந்து, பிற்பாடு வந்தவற்றில் அந்த ஓசை இல்லாவிட்டால், ஆலையில் திருத்திவிட்டார்கள் என்று கொள்ளலாம். பத்து உரிமையாளர்கள் போதும். இந்த வடிவம் தானாகத் தெரியும்.

நெடுஞ்சாலை ஓரப் பட்டறை மெக்கானிக்கிடம் புதிய மாடலைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. வாரண்டி காலத்தில் அந்த வண்டி அவரிடம் வருவதே இல்லை. ஆனால் அதே என்ஜின் ஓடும் பழைய வண்டிகளை அவர் பிரித்திருப்பார். உங்கள் நோட்டின் இடப்பக்கத்துக்கு அவர்தான் பேராசிரியர்.

கிராமத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. மாந்தோப்பு ஓரத்திலும் களத்துமேட்டிலும் வண்டி நிற்கும் வீடுகளில் எலி வயரைக் கடிப்பது மிகச் சாதாரணம். ஓர் உரிமையாளர் ‘வயரிங் கோளாறு’ என்று சொன்னால், எலிக்கடியா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. வாரண்டியும் அதற்குக் கிடைக்காது.

ஐந்தாம் படி: உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துமா?

ஒரு வீட்டில் பத்தாண்டு உழைக்கும் வண்டி, அடுத்த வீட்டில் ஆறு மாதத்தில் நிற்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சூடு வர, நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து சிறிது நேரம் ஓட வேண்டும். பாலக்கோட்டில் வீட்டிலிருந்து பள்ளிக்கு 4 கிலோமீட்டர், கடைக்கு 2 கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் எரிப்பு பாதியிலேயே நிற்கும், வடிகட்டி அடைக்கும், விளக்கு எரியும். எரிப்புக்காகக் கூடுதலாகச் செலுத்தும் டீசல் என்ஜின் ஆயிலில் கலப்பதும் உண்டு. வாரம் ஒருமுறையாவது தேசிய நெடுஞ்சாலை 44-இல் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ போய் வருகிறவருக்கு இந்தத் தொல்லை ஏறத்தாழ இல்லை. குறைந்த தூரக் குடும்பங்களுக்குப் பெட்ரோலோ ஹைபிரிடோதான் ஏற்றது. எரிபொருள் செலவைக் கூட்டிப் பார்த்தும் என் முடிவு அதுவே.

கியர்பாக்ஸுக்கும் இதே கணக்கு. ஆயிலில் மூழ்காத இரு கிளட்சுகளால் தானே கியர் மாற்றும் உலர் இரட்டைக் கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறும். தினமும் ஓசூர் தாண்டிப் பெங்களூருவுக்குள் போகிறவர், கிளட்சுக்குப் பதிலாகத் திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கை நாடுவது பாதுகாப்பு.

ஆறாம் படி: ஏழு பேரோடு ஓட்டிப் பாருங்கள்

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. வீட்டில் உள்ள ஏழு பேரையும் ஏற்றுங்கள். சுமார் 450 கிலோ ஏறும். வண்டியின் உண்மையான குணம் அப்போதுதான் வெளிவரும். தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை வளைவுகளும், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையும் இயற்கை தந்த சோதனைக்கூடங்கள். ஷோரூம் அவ்வளவு தூரம் அனுமதிக்காவிட்டால், அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். லட்சக்கணக்கில் போடுகிறவர் சில ஆயிரத்துக்குத் தயங்கக் கூடாது.

ஏற்றத்தில் இரண்டாம் கியரில் தயங்குகிறதா, வெப்பமானி முள் நகர்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் குறைந்த கியரில் என்ஜின் பிடித்துக்கொள்கிறதா, கீழே வந்து நின்றதும் பிரேக்கில் கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். நடுப்பகலில் மூன்றாம் வரிசையில் வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, கால் மணி நேரத்துக்குப் பிறகு ஏ.சி. எட்டுகிறதா என்று அவரிடமே கேளுங்கள். இரண்டாம் வரிசை இருக்கையைப் பத்து முறை மடக்கி விரியுங்கள். மூன்று வரிசை வண்டியில் முதலில் ஆடத் தொடங்கும் பாகங்களில் அந்தப் பூட்டும் ஒன்று.

இன்னொன்று: ஷோரூமின் சோதனை ஓட்ட வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். எல்லார் கையிலும் முரட்டுத்தனமாக ஓடிய வண்டி அது. 10,000 கிலோமீட்டர் ஓடிய சோதனை வண்டியில் கதவு ஓசை, ஸ்டியரிங் உறையின் தேய்மானம், திரையின் தடுமாற்றம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பளபளக்கும் காட்சி வண்டியைவிட அதைத்தான் நான் அரைமணி நேரம் தடவிப் பார்ப்பேன்.

ஏழாம் படி: நின்றால் யார் வருவார்கள்?

சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, அங்கே இந்த மாடலுக்குப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, முன்கண்ணாடியும் பம்பரும் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். அஞ்செட்டியிலோ சித்தேரி மலையிலோ இரவில் நின்றால் இழுவை வண்டி எங்கிருந்து வரும் என்று சாலையோர உதவி எண்ணுக்கு முன்கூட்டியே பேசிப் பாருங்கள்.

எட்டாம் படி: சாவி வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

பதிவுக்கு முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரிப்பு மாதம், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் (முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும்), பேட்டரியின் தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் உப்பும் அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லைக் கெடுக்கும் அந்த உப்புநீர் ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

குறை வந்தால், ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘பொதுச் சோதனை’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தொப்பூர் ஏற்றத்தில், இரவு, ஏழு பேரோடு, 30 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கவில்லை, மஞ்சள் விளக்கு எரிந்தது’ என்று இருக்க வேண்டும். விளக்கு எரியும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி உடன் வருபவரிடம் கொடுங்கள். அதே குறை மூன்றாம் முறை வந்தபோது, அப்படி எழுதிய மூன்று ஜாப் கார்டுகளை நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒன்பது நாளில் அவர்களுடைய பொறியாளர் வந்து, வண்டியைத் தொப்பூருக்கே ஓட்டிச் சென்று கோளாறைக் கண்டுபிடித்தார். அதற்கும் அசையாத நிறுவனம் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதங்களைத்தான்.